ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை விடலாம்?

"சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்கிறார். "சாப்பிட்டேன்" என்கிறோம். அந்த விடையில் "நான்" என்பதும் இல்லை, "சோறு" என்பதும் இல்லை. ஆயினும் சாப்பிட்டவர் யார் என்பதில் அம்மாவுக்கு ஐயம் எழுவதில்லை. சொல்லின் கடைசியில் நிற்கும் "ஏன்" என்னும் விகுதியே "நான்" என்பதைக் காட்டிவிடுகிறது. இவ்வாறு எழுவாய் வெளிப்படாமல் மறைந்து நிற்பதைத் தோன்றா எழுவாய் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். படித்த அன்றே பலர் மறந்தும் இருப்போம். மூச்சு விடுவதுபோல் இயல்பாகச் செய்கிற ஒன்றிற்கு இலக்கணம் எதற்கு என்றுதானே தோன்றும்!

அதே பழக்கத்தோடு ஆங்கிலத்திற்குள் நுழையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. "டூ யூ லைக் மேங்கோஸ்?" என்று கேட்டால், "யெஸ், ஐ லைக்" என்று விடை வருகிறது. "பிடிக்குமா?" "பிடிக்கும்" என்னும் தமிழ் வழக்கின் நிழல் அது. ஆங்கிலம் பேசுகிறவர் காதுக்கு இது பாதியில் அறுந்த பேச்சு. எது பிடிக்கும் என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருப்பார்.

மற்றொரு வகை மாணவியும் உண்டு. பிழை நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் இவள் ஒரு சொல்லையும் விடமாட்டாள். "ஹேவ் யூ ஃபினிஷ்ட் யுவர் ஹோம்வொர்க்?" என்றால், "யெஸ் மிஸ், ஐ ஹேவ் ஃபினிஷ்ட் மை ஹோம்வொர்க்" என்பாள். இலக்கணப்படி இதில் குற்றமே இல்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் பத்துக் கேள்விக்கும் ஒருத்தி இப்படியே விடை சொன்னால், எதிரே அமர்ந்திருப்பவர் அவள் மனப்பாடம் செய்து வந்திருக்கிறாள் என்றே எண்ணுவார். செவிலியர் பணிக்கும், வங்கிப் பணிக்கும், மேற்படிப்புக்கும் நம் மாணவியர் இத்தகைய தேர்வுகளுக்குச் செல்கின்றனர். கேள்விக்கு உரிய விடை தெரிந்திருந்தும், பேச்சு ஓடாமையால் பின்தங்கிப் போவது வருந்தத்தக்கது. ஆகவே, எதை விடலாம், எதை விடலாகாது என்னும் இந்தக் கேள்வி வெறும் மதிப்பெண் விவகாரமன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எம்மொழியாயினும், கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்ளக்கூடிய சொல்லைத்தான் விட முடியும். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனாலும் முளை தரையில் நிற்கிறது. இங்கே மாடு கட்டியிருந்தது என்று முளையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தமிழில் அந்த முளை பெரும்பாலும் வினைமுற்றின் விகுதி. ஆங்கில வினைச்சொல்லுக்கு அத்தகைய விகுதி ஏறத்தாழ இல்லை. "கேம்" என்று மட்டும் சொன்னால் வந்தவன், வந்தவள், வந்தவர்கள், வந்த நான் ஆகிய எவராகவும் இருக்கலாம். ஆகவே ஆங்கிலம் தன் முளையை வேறோர் இடத்தில் அடித்து வைத்திருக்கிறது. அந்த இடம் துணைவினை.

"கேன் யூ ஸ்விம்?" "யெஸ், ஐ கேன்." இங்கே "ஸ்விம்" மறைந்தது; "கேன்" நின்றது. "ஹேஸ் ரோஸி கம்?" "யெஸ், ஷி ஹேஸ்." இங்கே "கம்" மறைந்தது, "ஹேஸ்" நின்றது. கேள்வியில் எந்தத் துணைவினை முன்னே நின்றதோ அதுவே விடையில் முளையாக நிற்கிறது. "டூ யூ லைக் மேங்கோஸ்?" என்ற கேள்விக்கு "யெஸ், ஐ டூ" என்பது விடை. "லைக்", "மேங்கோஸ்" இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. விட்டால் இரண்டையும் விடவேண்டும். வைத்தால் "யெஸ், ஐ லைக் தெம்" என்று இரண்டிற்கும் இடம் தரவேண்டும். வினையை வைத்துக்கொண்டு அதன் செயப்படுபொருளை மட்டும் நழுவவிடுவதை ஆங்கிலம் பெரும்பாலும் ஏற்பதில்லை. "ஐ லைக்" பிழையானது இதனால்தான்.

வெறும் "யெஸ்" போதாதா என்று கேட்கலாம். பொருள் விளங்குவதற்குப் போதும். ஆனால் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு "ம்" என்று மட்டும் சொல்வதைப் போன்றது அது. "யெஸ், ஐ டூ", "நோ, ஐ ஹேவன்ட்" என்னும்போது பேச்சில் ஒரு பணிவு வந்துவிடுகிறது. "யெஸ்" மிகவும் குறைவு, முழு வாக்கியம் மிகவும் அதிகம். நடுவே நிற்கும் இந்த இரண்டு மூன்று சொற்கள்தான் ஆங்கில உரையாடலின் உயிர்நாடி என்பேன்.

இந்த முளையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்லியாக வேண்டும். ஒன்று, பின்னால் வரவேண்டிய சொல் விடப்பட்டால், அதன் கனம் முழுவதும் முளையின்மேல் ஏறிவிடுகிறது. எனவே அந்த முளையைச் சுருக்கக் கூடாது. "ஐ ஆம் ரெடி" என்பதை "ஐம் ரெடி" எனச் சுருக்கலாம். ஆனால் "ஆர் யூ ரெடி?" என்பதற்கு "யெஸ், ஐ ஆம்" என்றுதான் சொல்லவேண்டும், "யெஸ், ஐம்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லார். "நோ, ஐம் நாட்" என்பது சரிதான். அங்கே கனத்தைத் தாங்க "நாட்" இருக்கிறது.

இரண்டாவது, "டு" என்னும் சிறு சொல்லும் ஒரு முளையே. "வுட் யூ லைக் டு ஸிங்?" என்று கேட்டால், "யெஸ், ஐ வுட் லவ் டு" என்று "டு"வோடு நிறுத்திக்கொள்ளலாம். வாக்கியம் நொண்டுவதுபோல் நமக்குத் தோன்றும். ஆனால் அங்கே "டு" நின்றுதான் ஆகவேண்டும். நம் மாணவியர் பலர் "ஐ வான்ட்" என்று அதற்கு முன்பே நிறுத்திவிடுகின்றனர்.

முளை பொருந்தாத இடத்தில் சொல்லை விட்டால் என்ன ஆகும்? "ஐ ஹேவ் நெவர் அண்ட் வில் நெவர் டெல் எ லை" என்று ஒரு வாக்கியத்தை மேடைப் பேச்சுகளில் கேட்டிருக்கலாம். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. "வில் நெவர்" என்பதற்குப் பின் "டெல்" பொருந்தும். "ஹேவ் நெவர்" என்பதற்குப் பின் வரவேண்டியது "டெல்" அன்று, "டோல்டு". வாக்கியத்தில் இல்லாத ஒரு வடிவத்தை விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. "ஐ ஹேவ் நெவர் டோல்டு எ லை அண்ட் நெவர் வில்" என்று திருப்பி எழுதினால் குற்றம் நீங்குகிறது. சொற்களின் எண்ணிக்கையும் கூடுவதில்லை.

இனி எழுவாய்க்கு வருவோம். ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் வீட்டுக்கு வாசற்படி போன்றது. "மழை பெய்கிறது" என்பதை ஆங்கிலமாக்கும்போது, பொருளே இல்லாத ஓர் "இட்" அங்கே வந்து அமர்கிறது: "இட் இஸ் ரெயினிங்". எது பெய்கிறது என்று கேட்டால் விடை இல்லை. ஆயினும் அந்த "இட்" இல்லாமல் "இஸ் ரெயினிங்" என்று சொல்ல இயலாது. எழுவாயை முறையாக விடக்கூடிய இடம் ஏவல் வாக்கியம். "கம் ஹியர்" என்பதில் "யூ" மறைந்திருக்கிறது. எதிரே நிற்பவரே அங்கு முளை. இதைத் தவிர, பழகித் தேய்ந்த சில தொடர்களும் உண்டு. நாள்தோறும் சிஸ்டரிடம் சொல்கிறோமே, "குட் மார்னிங்" என்று, அது "உங்களுக்கு நற்காலை அமைக" என்னும் முழு வாழ்த்தின் எஞ்சிய துண்டுதான். "தேங்க் யூ" என்பதிலிருந்து "ஐ" எப்போதோ உதிர்ந்துவிட்டது. "ஸீ யூ டுமாரோ" என்பதும் அப்படியே. நாட்குறிப்பிலும் "வென்ட் டு மார்க்கெட், மெட் ஆன்ட்டி" என்று எழுதலாம். நாட்குறிப்பு எழுதுபவர் யார் என்பது அதன் அட்டையிலேயே இருக்கிறது அல்லவா!

பயனிலையிலும் தமிழர்க்கு ஒரு வழுக்குப்பாறை உண்டு. "இவள் என் தங்கை" என்னும் தமிழ்த் தொடரில் வினையே இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது. எபிரேய மொழியிலும் இவ்வழக்கு உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் அங்கே "இஸ்" வந்தே தீரவேண்டும். ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் பதிப்புகள் பலவற்றைத் திறந்தால், மூலத்தில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த சொற்கள் சாய்ந்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆயரைப் பற்றிய 23-ஆம் திருப்பாடலின் முதல் அடியிலேயே ஒரு சாய்ந்த "இஸ்" உண்டு. எபிரேயம் விட்டதை ஆங்கிலம் விட முடியவில்லை; விட முடியாமற் போனதை நேர்மையோடு எழுத்தின் சாய்வால் காட்டினார்கள். "ஷி மை சிஸ்டர்" என்று எழுதும் மாணவிக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுவது, சிவப்பு மையால் திருத்துவதைவிட நல்ல பாடம்.

ஒரே எழுவாய்க்கு இரண்டு வினை வரும்போது ஆங்கிலமும் தாராளமாகவே நடந்துகொள்கிறது. "ஷி கேம் இன் அண்ட் ஸாட் டவுன்" என்பதில் இரண்டாவது "ஷி" தேவையில்லை. "அண்ட்", "பட்", "ஆர்" ஆகிய இணைப்புச் சொற்களுக்குப் பின் இது செல்லும். "பிகாஸ்" என்பதற்குப் பின் செல்லாது. "ஷி வாஸ் லேட் பிகாஸ் மிஸ்ட் த பஸ்" என்பது தமிழ்க் காதுக்குச் சரியாகப் படும். ஆங்கிலத்தில் "பிகாஸ் ஷி மிஸ்ட்" என்றே வரவேண்டும்.

"வென்", "வைல்", "இஃப்" ஆகியவற்றுக்குப் பின் எழுவாயையும் "பி" வினையையும் சேர்த்து விடும் வழக்கம் உண்டு. "இஃப் நெஸஸரி", "வென் இன் டவுட்" போன்றவை அவ்வாறு வந்தவை. ஆனால் இங்கு ஒரு பள்ளம் இருக்கிறது. "வைல் க்ராஸிங் த ரோட், எ லாரி ஹிட் ஹெர்" என்று ஒரு மாணவி எழுதினால், விடப்பட்ட எழுவாயை வாசகர் எங்கே தேடுவார்? அடுத்து வரும் முதன்மை வாக்கியத்தின் எழுவாயில்தான். அங்கே இருப்பது லாரி. ஆக, சாலையைக் கடந்தது லாரி என்று பொருளாகிவிடும்! "வைல் க்ராஸிங் த ரோட், ஷி வாஸ் ஹிட் பை எ லாரி" என்றால், கடந்தவளும் அடிபட்டவளும் ஒருத்தியே என்பது தெளிவாகும்.

இரு மொழிகளும் ஒரே செயலை நேர் எதிராகச் செய்யும் இடம் ஒன்று உண்டு. இக்கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். "மேரி தேநீரும், ரோஸி காபியும் குடித்தார்கள்" என்கிறோம். மேரிக்கு உரிய வினை விடப்பட்டது. இறுதியில் வரும் வினை இருவருக்கும் உதவுகிறது. ஆங்கிலத்திலோ, "மேரி ட்ராங்க் டீ, அண்ட் ரோஸி காஃபி" என்பார்கள். முதல் வினை நிற்கிறது, இரண்டாவது விடப்படுகிறது. தமிழ் முன்னே விட்டுப் பின்னே தருகிறது. ஆங்கிலம் முன்னே தந்து பின்னே விடுகிறது. ஜான் ராபர்ட் ராஸ் என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர் 1970-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாக்கியத்தில் வினை எங்கே நிற்கிறது என்பதற்கும், எந்தப் பக்கத்து வினை விடப்படுகிறது என்பதற்கும் தொடர்பு உண்டு என்று அவர் காட்டினார். வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழி, நம் தமிழைப் போலவே முன்னதை விட்டுப் பின்னதை வைத்துக்கொள்கிறது. நாம் வீட்டில் பேசும் பேச்சின் ஒழுங்கு உலக மொழிகளின் ஒழுங்கோடு இவ்வாறு ஒத்துப்போவது எத்துணை வியப்பு!

அடுத்து "தட்", "ஹூ", "விச்" என்னும் சொற்கள். "ஐ நோ தட் ஷி இஸ் ஹானஸ்ட்" என்பதில் "தட்" இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. "த புக் விச் ஐ பாட்" என்பதும் "த புக் ஐ பாட்" என்பதும் ஒன்றே. ஆனால் "த கர்ல் ஹூ கேம் எஸ்டர்டே இஸ் மை கசின்" என்பதில் "ஹூ"வை எடுத்துப் பாருங்கள். "த கர்ல் கேம் எஸ்டர்டே" என்றதும், பெண் நேற்று வந்தாள் என்று வாக்கியம் முடிந்துவிட்டதாகக் கேட்பவர் எண்ணிக்கொள்கிறார். அதன்பின் "இஸ் மை கசின்" என்று வால் ஒன்று தொங்கும்போது திகைக்கிறார். "த புக் ஐ பாட்" என்பதில் இத்திகைப்பு இல்லை. "புக்"கை அடுத்து "ஐ" வந்தவுடனேயே புதிய தொடர் தொடங்கிவிட்டது தெரிகிறது. எனவே "ஹூ", "விச்" ஆகியவை அத்தொடரில் எழுவாயாக நின்றால் வைத்துக்கொள்க. செயப்படுபொருளாக நின்றால் விடலாம். "நேற்று வந்த பெண்" என்று பெயரெச்சத்தாலேயே முடித்துவிடும் தமிழில் "ஹூ"வுக்கு ஈடான சொல்லே தேவைப்படுவதில்லை. நம்மவர் அதை மறப்பதில் வியப்பில்லை.

பெயர்ச்சொல்லை விடுவது பற்றிச் சிறிது. கடையில் "சிவப்பு கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறோம். ஆங்கிலத்தில் "கிவ் மீ த ரெட் ஒன்" என்று "ஒன்" சேர்ப்பதே வழக்கம். "த ப்ளைண்ட்", "த புவர்" என்று பெயரடையைத் தனியே நிறுத்தினால், பார்வையற்றோர் எல்லாரும், ஏழைகள் எல்லாரும் என்று கூட்டத்தையே குறிக்கும். ஒருவரைக் குறிக்க அது உதவாது.

பொருளே மாறிவிடும் இடங்களில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். ஒரு பெண் தன் தாய்க்கு மடல் எழுதுகிறாள்: "மேரி லவ்ஸ் ஹெர் சிஸ்டர் மோர் தேன் ஹெர் ப்ரதர்." தமக்கையிடம் மேரிக்கு அன்பு மிகுதி, தம்பியிடம் குறைவு என்று ஒருவர் படிப்பார். தம்பிக்குத் தமக்கையிடம் உள்ள அன்பைவிட மேரிக்கு உள்ள அன்பு மிகுதி என்று மற்றொருவர் படிப்பார். குடும்பத்தில் மனத்தாங்கல் ஏற்பட இது போதும். முளை ஒன்றை நட்டால் பொருள் நிலைக்கும். "தேன் ஹெர் ப்ரதர் டஸ்" என்றால் தம்பியும் அன்பு செலுத்துபவன். "தேன் ஷி டஸ் ஹெர் ப்ரதர்" என்றால் தம்பி அன்பைப் பெறுபவன். ஒற்றைச் சொல் "டஸ்" ஒரு சச்சரவைத் தவிர்த்துவிடுகிறது.

இந்த எச்சரிக்கை புதிதன்று. அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் யார்க் நகரின் அருகே குடியேறிய லிண்ட்லி மர்ரி என்னும் வழக்கறிஞர், 1795-இல் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். யார்க் நகரின் பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டது அந்நூல். பின்பு பல தலைமுறை மாணவர்கள் படித்த இலக்கணம் முதலில் மாணவியர்க்காக எழுதப்பட்டது என்பதில் நமக்குச் சற்றே பெருமைதான்! சலிப்பூட்டும் திரும்பக் கூறலைத் தவிர்க்கச் சொற்களை விடலாம். ஆனால் பொருள் மயங்குமாயின், அல்லது வாக்கியம் வலுவிழக்குமாயின் விடலாகாது என்பது அதில் அவர் தரும் விதியின் சாரம்.

சொற்களை விடுவதில் தலைசிறந்து விளங்கியது தந்தி. சொற்களை எண்ணிக் கட்டணம் வாங்கியதால், மக்கள் ஒவ்வொரு சொல்லையும் காசாகவே பார்த்தார்கள். வாழ்த்துத் தந்திகளுக்கு எண்ணிட்ட ஆயத்த வாசகங்களே இருந்தன. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை அம்மொழி உயிரோடு இருந்தது. "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி" என்னும் நான்கு சொற்கள் எத்தனை விடுதிகளின் வாசலில் எத்தனை பெண்களைக் கலங்க வைத்தனவோ! அதில் "யுவர்" இல்லை, "இஸ்" இல்லை, "ப்ளீஸ்" இல்லை. யாருடைய தாய் என்பதற்கு முளை, அனுப்பியவரின் பெயர்தான். அப்பாவின் பெயர் இருந்தால் தன் அம்மா. மாமாவின் பெயர் இருந்தால் பாட்டியாகவும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கான காசை மிச்சப்படுத்தியதால், இரயிலில் இரவு முழுதும் ஐயத்தோடு பயணம் செய்தவர்கள் உண்டு.

செய்தித்தாளின் தலைப்பும் தந்திக்கு உறவுதான். "மினிஸ்டர் டு ஓபன் நியூ பிரிட்ஜ்" என்னும் தலைப்பில் "த", "எ", "இஸ்" எல்லாம் இடமின்மையால் வெளியேற்றப்பட்டவை. கீழே உள்ள செய்தியைப் படித்தால் அத்தனையும் திரும்பி வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம். தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு அந்நடையில் கட்டுரை எழுதும் மாணவிகள், ஒரு நாளாவது தலைப்பையும் அதன் கீழுள்ள முதல் பத்தியையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். எந்தெந்தச் சொற்கள் திரும்பி வந்தன என்று பென்சிலால் கோடிட்டால், அது கால் மணி நேரத்தில் முடியும் நல்லதொரு பயிற்சி.

"தேர்வில் என்ன செய்வது?" என்று மாணவியர் கேட்பர். முழு வாக்கியத்தில் விடை எழுதுக என்று வினாத்தாள் சொன்னால் முழு வாக்கியமே எழுதவேண்டும். அங்கே சுருக்கம் செல்லாது. உரையாடலை நிறைவு செய்க என்ற வினா வந்தால், அங்கே "யெஸ், ஐ டூ" வகை விடைகளே பொருந்தும். கட்டுரையில் நாட்குறிப்பு நடையும், தந்தி நடையும் வேண்டா. எழுதி முடித்த பின் நேரம் இருந்தால், "லைக்", "வான்ட்", "பை", "டேக்" போன்ற வினைகளை மட்டும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் உரிய பொருள் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். அதன்பின் ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் எழுவாய் உண்டா என்று ஒருமுறை கண்ணோட்டுங்கள். விடைத்தாளை மேற்பார்வையாளரிடம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போதும்.